பட்டியலுக்கு முன்பே உண்டியலா?

இப்பகுதிக்கு வரும் கடிதங்களில் பெரும்பாலானவை வீட்டின் நான்கு சுவர்களுக்குள் எழும் சிக்கல்களைப் பற்றியவை. மாமியார், மருமகள், பிள்ளைகளின் படிப்பு, பெண்ணுக்கு வரன் என்றுதான் அவை அமையும். இம்மாதம் நாம் எடுத்துக்கொண்டிருப்பது ஒரு பங்கின் நற்பணி மன்றச் செயலர் எழுதிய கடிதம். மன்றத்துச் செய்திக்குக் குடும்ப இதழில் என்ன இடம் என்று சிலர் கேட்கலாம். முழுதும் படித்து முடித்தபோது, இதுவும் ஒரு வீட்டைப் பற்றிய கடிதமே என்று நமக்குப் பட்டது.

மன்றத்தில் 14 உறுப்பினர்கள் இருக்கிறார்கள். வரும் ஆண்டுக்குத் திட்டம் வகுக்கக் கூடியபோது ஆளுக்கொரு யோசனை சொன்னார்களாம். பேருந்து நிறுத்தத்தில் நிழற்குடை, பள்ளிப் பிள்ளைகளுக்கு நோட்டுப் புத்தகம், கிறிஸ்து பிறப்பு விழாவுக்கு விதவைகளுக்குச் சேலை, ஒரு மருத்துவ முகாம். நிதி திரட்டப் பரிசுக் குலுக்கல், இன்னிசை நிகழ்ச்சி, விளம்பரங்களோடு ஒரு சிறப்பு மலர். இவற்றுள் எவற்றைக் கொள்ளலாம், எவற்றைத் தள்ளலாம் என்று செயலர் கேட்கிறார். கேட்டுவிட்டு, இறுதியில் ஒரு மனவருத்தத்தையும் சேர்த்திருக்கிறார். சென்ற ஆண்டு விழாவில் ஒரு விதவைத் தாய்க்குத் தையல் இயந்திரம் வழங்க ஏற்பாடாகியிருந்தது. மேடையில் பிரமுகர்கள் அமர்ந்திருக்க, மூன்று முறை பெயர் சொல்லி அழைத்தும் அந்த அம்மா எழுந்து வரவில்லை. மறுநாள் கேட்டதற்கு, “என் மகன் பத்தாவது படிக்கிறான் தம்பி, அவனோடு படிக்கிற பிள்ளைகள் எல்லாரும் கீழே உட்கார்ந்திருந்தார்கள்” என்று மட்டும் சொன்னாராம். நன்றியில்லாதவர் என்று உறுப்பினர் சிலர் இன்னமும் சொல்லிக் காட்டுகிறார்கள். இயந்திரம் மன்றத்து அறையிலேயே தூசி படிந்து கிடக்கிறது.

செயலருக்கு நாம் முதலில் கேட்க விரும்புவது ஒன்றே. அந்த அம்மாவுக்குத் தைக்கத் தெரியுமா? நான்கு பக்கக் கடிதத்தில் அதைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. தையல் இயந்திரம் கொடுப்பது நம் நாட்டில் நற்பணி மன்றங்களின் மாறாத சடங்காகிவிட்டது. கொடுப்பதற்கு எளிது, மேடையில் பார்வையாக இருக்கும், படத்தில் நன்றாக விழும். பெறுகிறவர் தையற்காரரா, வீட்டில் அதை வைக்க இடமுண்டா, ஊரில் ஏற்கனவே எத்தனை பேர் தைத்துப் பிழைக்கிறார்கள் என்பவற்றை யார் போய்ப் பார்த்தார்கள்? அவருடைய உண்மையான தேவை ஒருவேளை மகனின் தேர்வுக் காலத்துப் பேருந்துச் செலவாக இருந்திருக்கலாம், அல்லது இரண்டு மாத வாடகையாக இருந்திருக்கலாம். நமக்குத் தெரியாது. மன்றத்துக்கும் தெரிந்ததாகத் தோன்றவில்லை.

1833-ஆம் ஆண்டு ஏப்ரல் 23-ஆம் நாள் பாரிஸ் மாநகரில், ஒரு கத்தோலிக்கப் பத்திரிகையின் அலுவலகத்தில் சில மாணவர்கள் கூடினார்கள். அவர்களுள் ஒருவரான பிரடெரிக் ஓசானாமுக்கு அன்றுதான் இருபது வயது நிறைந்தது. அப்பத்திரிகையை நடத்திய எம்மானுவேல் பாய்யி, வயதில் மூத்தவராதலால் தலைமை ஏற்றார். அதற்கு முந்திய ஆண்டுதான் காலரா நோய் பாரிசில் ஆயிரக்கணக்கானவர்களை வாரிக்கொண்டு போயிருந்தது. உங்கள் திருச்சபை முன்னொரு காலத்தில் நன்மை செய்தது சரி, இன்று ஏழைகளுக்கு என்ன செய்கிறது என்று மாற்றுக் கருத்துடைய மாணவர்கள் கேட்ட கேள்வி இவர்கள் உள்ளத்தை உறுத்திக்கொண்டிருந்தது. இவர்களிடம் பணமும் இல்லை, அனுபவமும் இல்லை. ஆகவே ஏழைகள் நெருங்கி வாழ்ந்த முஃப்தார் பகுதியில் பணியாற்றிய ரோசலி ரெந்து என்னும் பிறரன்புக் கன்னியரை அணுகினார்கள். அவர் இவர்களுக்குத் தந்தது குடும்பங்களின் முகவரிகளை. கையோடு கொண்டுபோகச் சில ரொட்டிச் சீட்டுகளையும் கொடுத்து, அந்த வீடுகளுக்குப் போகச் சொன்னார். அவ்வளவுதான் தொடக்கம். இன்று நம் பங்குகளில் நடைபெறும் புனித வின்சென்ட் தே பவுல் சபை அவ்வாறு பிறந்ததே. திருத்தந்தை இரண்டாம் அருளப்பர் சின்னப்பர் 1997-இல் ஓசானாமையும், 2003-இல் கன்னியர் ரோசலியையும் முத்திப்பேறு பெற்றவர்களாக அறிவித்தார்.

அச்சபையின் ஒழுங்கை நாம் கவனிக்க வேண்டும். உறுப்பினர் இருவர் இருவராக வீடுகளுக்குச் செல்கிறார்கள். வாரக் கூட்டத்தில் அக்குடும்பங்களின் நிலைமையைப் பேசுகிறார்கள். கூட்டம் முடியுமுன் ஒரு பை சுற்றி வருகிறது, யார் எவ்வளவு போட்டார் என்பது யாருக்கும் தெரியாது. இதற்கு இரகசியக் காணிக்கை என்று பெயர். முதலில் வீடு, பிறகு பேச்சு, அதன் பிறகே பணம். நமக்கு எழுதிய மன்றம் இந்த வரிசையைத் தலைகீழாக்கி வைத்திருக்கிறது. முதலில் எப்படிப் பணம் திரட்டுவது என்று பேசினார்கள், அடுத்து எதைக் கொடுப்பது என்று பேசினார்கள், யாருக்கு என்பதைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டார்கள்.

திருச்சபைக்கு வெளியே இயங்கும் சங்கங்களின் வரலாற்றிலும் இதே பாடம் உண்டு. அரிமா சங்கங்கள் 1917-இல் அமெரிக்காவில் தோன்றியவை. அவை பார்வையற்றோர் பணியைத் தம் தனிப் பணியாகக் கொண்டது 1925-இல். அவ்வாண்டு ஒகையோ மாநிலத்தில் கூடிய அவர்களது மாநாட்டில் ஹெலன் கெல்லர் நேரில் நின்று, பார்வையற்றோர் சார்பில் வேண்டுகோள் விடுத்தார். துன்பத்தை அறிந்தவரே வந்து சொன்னார், அவர்கள் கேட்டார்கள். ரோட்டரி சங்கம் 1905-இல் சிக்காகோவில் தோன்றியது. அது 1907-இல் கையிலெடுத்த முதல் ஊர்ப்பணி பொதுக் கழிப்பிடம் கட்டுவிப்பது! மேடைக்கும் மாலைக்கும் ஏற்ற பணியன்று, ஆனால் கடைவீதிக்கு வந்துபோகும் ஏழை எளியவர்க்கு அதைவிட வேண்டியது வேறென்ன? அதே ரோட்டரி 1985-இல் இளம்பிள்ளை வாதத்தை ஒழிக்கும் பணியை உலக அளவில் ஏற்று, ஆண்டுக்கு ஆண்டு தலைவர்கள் மாறியும் பணியை மாற்றாமல் தொடர்ந்தது. அரசும் சுகாதார ஊழியர்களும் பல நிறுவனங்களும் சேர்ந்து உழைத்த அம்முயற்சியில் நம் நாட்டின் கடைசி நோயாளி 2011 ஜனவரியில் மேற்கு வங்கத்தின் ஹௌராவில் காணப்பட்டார். 2014 மார்ச்சில் நம் வட்டாரம் அந்நோயற்றது என்ற சான்று கிடைத்தது. நம் மன்றங்களோ புதிய நிர்வாகிகள் வந்ததும் பழைய பணிகளுக்கு மூடுவிழா நடத்திவிடுகின்றன.

ஆகவே வரும் இரண்டு மாதங்களுக்கு உண்டியலை மூடி வையுங்கள் என்பதே செயலருக்கு நம் யோசனை. 14 பேர் ஏழு இணைகளாகப் பிரிந்து, வாரம் ஒரு வீடு சென்றால் இரண்டு மாதத்தில் ஐம்பத்தாறு வீடுகளைப் பார்த்துவிடலாம். கணக்கெடுப்பு அதிகாரிகளைப் போலத் தாளும் பேனாவுமாகப் போக வேண்டாம். திண்ணையில் அமர்ந்து அரைமணி நேரம் பேசிவிட்டு வாருங்கள். எழுதுவதை வீட்டுக்கு வந்து எழுதிக்கொள்ளலாம். அந்தக் குறிப்பேடு தலைவரிடமும் செயலரிடமும் மட்டுமே இருக்கட்டும்.

அப்படிப் போய்ப் பார்க்கிறவர்கள் ஒன்றைக் கண்டுகொள்வார்கள். வறுமையின் முகம் மாறியிருக்கிறது. தமிழ்நாட்டில் 2011 முதல் நியாய விலைக் கடைகளில் அரிசி விலையின்றிக் கிடைக்கிறது. அரசுப் பள்ளிகளிலும் அரசு உதவி பெறும் பள்ளிகளிலும் பாடநூலும் நோட்டுப் புத்தகமும் பிள்ளைகளுக்குக் கொடுக்கப்படுகின்றன. அந்தப் பிள்ளைகளுக்கே நாமும் அட்டையில் மன்றத்தின் பெயரை அச்சிட்டு மீண்டும் நோட்டுப் புத்தகம் கொடுப்பதில் யாருக்கு என்ன பயன்? பழைய பட்டியல் ஒரு காலத்தின் பசிக்கு விடையாக இருந்தது. இன்று அதே வீட்டில் சர்க்கரை நோய்க்கு மாத்திரை இருக்காது, அடகில் நகை இருக்கும், வாரா வாரம் வாசலில் வட்டிக்காரர் நிற்பார். படிப்பை நிறுத்திய பிள்ளை ஒன்று மூலையில் அமர்ந்திருக்கும். குடிக்கு அடிமையான ஒருவர் திண்ணையில் படுத்திருப்பார்.

இவற்றுள் சிலவற்றுக்குப் பணமே வேண்டியதில்லை. ஆதரவற்ற விதவைகளுக்கும் முதியோருக்கும் அரசின் ஓய்வூதியம் உண்டு. முதலமைச்சரின் மருத்துவக் காப்பீடு உண்டு. கிறிஸ்தவ ஆதிதிராவிட மாணவர்களுக்கு மாநில அரசு தரும் கல்வி உதவித்தொகையும் உண்டு. இவற்றைப் பெறச் சான்றிதழ் வேண்டும், மனு எழுத வேண்டும், அலுவலகத்துக்கு நான்கு முறை நடக்க வேண்டும். கூலி வேலைக்குப் போகிறவர் ஒரு நாள் நடந்தால் ஒரு நாள் கூலி போயிற்று. படித்த உறுப்பினர் ஒருவர் அவர் கூடவே சென்று காத்திருந்து காரியத்தை முடித்துக் கொடுத்தால், அது ஆண்டு முழுவதும் பயன் தரும் உதவி. மலரில் அச்சிட அதில் படம் எதுவும் கிடைக்காது, அவ்வளவே.

மருத்துவ முகாமைப் பற்றியும் சொல்லிவிடுவோம். ஒருநாள் முகாமில் இரத்த அழுத்தம் பார்த்துச் சீட்டு எழுதிக் கொடுத்துவிட்டால், மறுநாள் மாத்திரைக்கு அந்த ஏழை எங்கே போவார்? மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையை டாக்டர் கோ. வெங்கடசாமி 1976-இல் பதினொரு படுக்கைகளோடு தொடங்கினார். ஊர் ஊராக முகாம் நடத்தியபோது அவர்கள் கண்டது இது: அறுவைச் சிகிச்சை இலவசம் என்று சொன்னால் மட்டும் மக்கள் வருவதில்லை. பேருந்துச் செலவு, சாப்பாடு, கூட வருகிறவரின் கூலி இழப்பு ஆகியவை குறுக்கே நிற்கின்றன. ஆகவே முகாமிலிருந்தே நோயாளிகளை அழைத்துச் சென்று, உணவளித்து, சிகிச்சை முடித்து, ஊரில் கொண்டுவந்து விடும் முறையை ஏற்படுத்திக்கொண்டார்கள். ஊர்ச் சங்கங்கள் இடம் பார்த்து, வீடு வீடாக அறிவித்து, முதியோரைக் கைபிடித்து அழைத்து வந்து துணை நிற்கின்றன. முகாம் வேண்டுமானால் இவ்வாறு தொடர்ச்சியுள்ள முகாமாக நடத்துங்கள்.

இனி ஒரு நெருடலான செய்தி. 14 உறுப்பினர்களும் எந்தெந்தத் தெருவைச் சேர்ந்தவர்கள்? அப்போஸ்தலர் பணி ஆறாம் அதிகாரத்தில் வருவது, தொடக்கத் திருச்சபையின் முதல் பந்தித் தகராறு என்றே சொல்லலாம். அன்றாடப் பங்கீட்டில் தங்கள் விதவைகள் புறக்கணிக்கப்படுவதாகக் கிரேக்க மொழி பேசியவர்கள் முறையிட்டார்கள். அப்போஸ்தலர்கள் அதை நன்றியில்லாத பேச்சென்று தள்ளவில்லை. ஏழு பேரைத் தேர்ந்தெடுக்கச் செய்து பந்திப் பொறுப்பை ஒப்படைத்தார்கள். அந்த எழுவரின் பெயர்களைப் பாருங்கள்: முடியப்பர் முதல் அந்தியோக்கியாவின் நிக்கொலா வரை அத்தனையும் கிரேக்கப் பெயர்கள். குறை சொன்ன தரப்பாரிடமே சோற்றுக் கரண்டி போய்ச் சேர்ந்தது! நம் பங்குகளில் கோவிலைச் சுற்றியுள்ள தெருக்காரர்கள் கொடுப்பவர்களாகவும், ஊருக்கு வெளியே காலனியில் உள்ளவர்கள் என்றென்றும் பெறுபவர்களாகவும் இருந்துவரும் நிலையைப் பிறரன்பு என்று சொல்ல நமக்கு நா எழவில்லை. திட்டம் வகுக்கும் மேசையில் காலனியிலிருந்து நான்கு பேராவது, அதிலும் இரு பெண்களாவது அமரட்டும். தையல் இயந்திரக் கதை அப்போது நடந்திராது.

நிதியைப் பற்றிச் செயலர் ஆர்வத்தோடு எழுதியிருக்கிறார், ஆகையால் சற்று விரிவாகவே விடை சொல்வோம். பரிசுக் குலுக்கலை விட்டுவிடுங்கள். தமிழ்நாட்டில் 2003 ஜனவரி முதல் லாட்டரிச் சீட்டு விற்பனைக்குத் தடை இருக்கிறது. கோவில் காரியம் என்பதால் சட்டம் கண்ணை மூடிக்கொள்ளும் என்று எண்ண வேண்டாம். சட்டம் ஒருபுறமிருக்க, லாட்டரியால் அழிந்த குடும்பங்களை அறிந்த நாம், இருபது ரூபாய்ச் சீட்டுக்கு மோட்டார் சைக்கிள் கிடைக்கும் என்ற ஆசையைக் கோவில் வாசலிலேயே விற்பது முறைதானா? இன்னிசை நிகழ்ச்சியில் தீமையில்லை, ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள். இரண்டு லட்சம் திரண்டு, ஒன்றரை லட்சம் மேடைக்கும் ஒளிக்கும் குழுவினருக்கும் போனால், மக்கள் கொடுத்த நூறு ரூபாயில் ஏழைக்குச் சேர்வது இருபத்தைந்து. ஊர் மகிழ ஒரு விழா வேண்டுமென்றால் அதை விழா என்றே சொல்லி நடத்தலாம். ஏழைகளின் பெயரில் நுழைவுச் சீட்டு விற்க வேண்டாம்.

சிறப்பு மலரில் வேறொரு முள் இருக்கிறது. முழுப்பக்க விளம்பரம் தரும் வசதி யாருக்கு உண்டு? பல ஊர்களில் வட்டிக்குக் கொடுப்பவருக்கும் அது உண்டு. கந்துவட்டியைத் தடுக்க 2003-இல் தமிழ்நாட்டில் சட்டமே வந்தது, ஆனாலும் வழக்கம் மறைந்தபாடில்லை. உங்கள் பட்டியலில் உள்ள விதவை எவரிடம் கடன்பட்டுத் தவிக்கிறாரோ, அவருடைய படத்தையே மலரின் பின்னட்டையில் புரவலர் என்று அச்சிட்டு, அவர் கையாலேயே அந்த விதவைக்கு உதவி வழங்க நேர்ந்தால் என்ன ஆகும்? இது கற்பனையன்று, நடக்கக்கூடியதே. எவரிடம் பெறுவதில்லை என்பதையும் முன்கூட்டியே தீர்மானித்து, நடவடிக்கைக் குறிப்பேட்டில் எழுதி வையுங்கள். பிறகு முகத்துக்கு நேரே மறுக்கும் சங்கடம் குறையும்.

பின் எப்படித்தான் நிதி திரட்டுவது? புனித சின்னப்பர் எருசலேமின் ஏழைகளுக்காகப் பல சபைகளில் நிதி திரட்டினார். கொரிந்தியருக்கு அவர் சொன்ன முறை மிக எளியது. வாரத்தின் முதல் நாளில் ஒவ்வொருவரும் தம் வருவாய்க்கேற்பத் தம்மிடத்திலேயே ஒரு தொகையை எடுத்து வைத்துவர வேண்டும் என்றார். தாம் வந்த பிறகு அவசர வசூல் நடத்தலாகாது என்பதும் அவர் கருத்து. மிசோரம் மலைநாட்டில் பிரெஸ்பிட்டேரியன் சபைப் பெண்கள் 1910-ஆம் ஆண்டு முதல் இதையே அரிசியில் செய்துவருகிறார்கள். ஒவ்வொரு வேளையும் உலையிலிடுமுன் ஒரு பிடி அரிசியை எடுத்து வைக்கிறார்கள். நம் வீடுகளிலும் பிடியரிசி புதிதன்று, பாட்டிமார் அறிந்ததே. அறுபது வீடுகளில் நாளொன்றுக்கு ஐம்பது கிராம் எடுத்தால் மாதம் தொண்ணூறு கிலோ சேரும். அரிசிக்குத் தேவை குறைந்த ஊரில் அதற்கீடாக ஓர் உண்டியலில் நாள்தோறும் இரண்டு ரூபாய் போடலாம், அதே அறுபது வீடுகளில் மாதம் 3,600 ரூபாய். சிறு தொகைதான். ஆனால் அது மாதந்தோறும் தவறாமல் வரும், மேடைக்குச் செலவு கேட்காது. தவக்காலத்தில் காரித்தாஸ் இந்தியாவுக்காக உண்டியல் வைத்துப் பழகிய வீடுகளுக்கு இது கடினமாக இராது. இத்தொகையை நம்பி ஒரு பிள்ளையின் விடுதிக் கட்டணத்தையோ, ஒரு முதியவரின் மாத்திரைச் செலவையோ ஆண்டு முழுதும் ஏற்றுக்கொள்ளலாம்.

கணக்கிலும் சின்னப்பர் நமக்கு ஆசிரியர். இவ்வளவு பெருந்தொகையைக் கையாளும்போது எவரும் குறை கூறலாகாது என்று கருதி, தீத்துவோடு வேறு சகோதரரையும் சேர்த்தனுப்பினார். அப்போஸ்தலர் மீதே ஐயம் எழக்கூடும் என்றால் நம் பொருளாளர் எம்மாத்திரம்? எண்ணுவதற்கு இருவர், வங்கியில் இரு கையொப்பம், வரிசை எண்ணிட்ட ரசீது, மூன்று மாதத்துக்கொரு முறை கோவில் அறிவிப்புப் பலகையில் வரவு செலவு. பெற்றவர் பெயர் மட்டும் பலகைக்கு வரக் கூடாது. வெளிநாட்டுப் பணத்தில் எச்சரிக்கை தேவை. 2010-ஆம் ஆண்டின் அந்நிய நன்கொடைச் சட்டப்படி, பதிவோ முன் அனுமதியோ பெறாத மன்றம் அயல்நாட்டவரிடமிருந்து நன்கொடை வாங்கலாகாது. வளைகுடாவில் உழைக்கும் நம் ஊர்க்காரர் இந்தியக் குடிமகனாக இருந்து, தம் சம்பாத்தியத்தை வங்கி வழியே அனுப்பினால் தடையில்லை. அவரே வேறு நாட்டுக் குடியுரிமை பெற்றுவிட்டவரானால், பிறந்த ஊர் இதுவேயானாலும் சட்டத்தின் கண்ணுக்கு அது அந்நியப் பணம்.

மேடையில் வழங்கும் வழக்கத்தை நிறுத்திவிடலாம் என்றே நாம் கருதுகிறோம். வலக்கை செய்வதை இடக்கை அறியலாகாது என்று ஆண்டவர் கற்பித்திருக்க, இன்று வாட்ஸ்அப் வழியாக அமெரிக்காவிலுள்ள உறவினரும் அறிந்துவிடுகிறார்கள். வறியோர் உலக நாளைத் திருச்சபை 2017 முதல் பொதுக்காலத்தின் 33-ஆம் ஞாயிறன்று கொண்டாடி வருகிறது. முதல் ஆண்டில் திருத்தந்தை பிரான்சிஸ் வத்திக்கானில் ஏழைகளோடு ஒரே மேசையில் அமர்ந்து உண்டார். ஏழைகளுக்கென்று ஒரு விழா எடுக்கத்தான் வேண்டுமானால் அந்நாளில் எல்லாரும் கலந்தமர்ந்து உண்ணும் ஓர் அசனமாக அது இருக்கட்டும். யார் சோறு போட்டார், யார் சோறு உண்டார் என்று அங்கே பிரித்துச் சொல்ல முடியாது.

அறையில் கிடக்கும் தையல் இயந்திரத்துக்கு வருவோம். உறுப்பினரின் மனைவியர் இருவர் ஒரு மாலைப்பொழுதில் அந்த அம்மாவின் வீட்டுக்குச் சென்று, நடந்ததற்கு வருத்தம் தெரிவித்துவிட்டு, இயந்திரம் தேவைதானா என்று கேட்கட்டும். தேவையென்றால் இருட்டிய பிறகு கொண்டுபோய்க் கொடுங்கள். வேண்டாமென்றால் என்ன வேண்டும் என்று கேளுங்கள். ஒன்றும் வேண்டாம் என்றாலும் அது அவர் உரிமை, காப்பி கொடுத்தால் குடித்துவிட்டு வாருங்கள்.

எஞ்சியிருப்பது நிழற்குடை. வெயிலிலும் மழையிலும் ஊரே நின்று வாடும் இடமென்றால் அது நல்ல பணியே. ஆனால் சாலையோர நிலம் நெடுஞ்சாலைத் துறையுடையதோ ஊராட்சியுடையதோ ஆகும், அனுமதியின்றிக் கட்டினால் இடிக்க நேரும். மேலும் அதைக் கட்டித் தருவது ஊராட்சியின் கடமை, சட்டமன்ற உறுப்பினரின் தொகுதி நிதியிலும் அதைக் கேட்கலாம். ஜனவரி 26, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2 ஆகிய நாட்களில் கிராம சபை கூடுகிறது. மன்றத்தார் ஒரு மனு எழுதி, ஊரில் இந்து, இசுலாமியச் சகோதரர்களிடமும் கையொப்பம் பெற்று, அடுத்து வரும் கிராம சபையில் பத்துப் பேராகச் சென்று கொடுக்கட்டும். தீர்மானமாகப் பதிவு செய்யும்வரை எழுந்து வந்துவிட வேண்டாம்.